புகையும் கடலும்: ஐலா மால்ட் விஸ்கி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் புகை வாசனை விஸ்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். குடிக்காதவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே குடிப்பவர்களுக்கு, அதிலும் கொஞ்சமாக, நேரமெடுத்துக் குடிப்பவர்களுக்கு இது.

ஸ்காட்ச் என்றாலே புகை வாசனை அடிக்குமா?

அடிக்காது. பெரும்பாலான ஸ்காட்ச் மால்ட்களில் புகை என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் மாதிரி ஆட்களெல்லாம் ஆப்பிள், தேன், பேரிக்காய் என்று சாதுவாகப் போய்க்கொண்டிருப்பார்கள். புகை மால்ட் தனிக் கூட்டம், அதன் தலைநகரம் ஐலா தீவு. ஆனால் ஒன்று, ஜானி வாக்கர் பிளாக் லேபிள் குடித்தவர்கள் எல்லோரும் தங்களுக்கே தெரியாமல் ஐலாவைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான். அந்தக் கலவைக்குள் ஐலாவின் கல் ஈலா ஆலைச் சரக்கு கொஞ்சம் இருக்கிறது, கடைசியில் தொண்டையில் லேசாக ஒரு புகை நிற்குமே, அது அங்கிருந்து வருகிறது.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயில் எடுத்ததா?

இல்லை, ஒரே ஆலையில் எடுத்தது. மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டும், செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி வடித்தது, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடந்தது, பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால். ஒரே ஆலையின் நூறு பீப்பாய்களைக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? பீப்பாயைக் கருக்குவதாலா?

பீப்பாயின் உள்பக்கத்தைக் கருக்குவது உண்டு, ஆனால் இந்தப் புகைக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. தண்ணீரும் காரணமில்லை. ஐலாவின் ஓடைகள் டீத்தண்ணீர் நிறத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு அதிலிருந்துதான் வாசனை வருகிறது என்று பலர் சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

விஷயம் பார்லியைக் காயவைக்கும் இடத்தில் இருக்கிறது. பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள், நாம் பச்சைப்பயறு முளைகட்டுவது போலத்தான். முளை ஓரளவுக்கு மேல் வளர்ந்தால் உள்ளே இருக்கிற மாவுச்சத்தை அதுவே தின்றுவிடும், அதனால் சரியான நேரத்தில் சூடுகாட்டி உலர்த்தி நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டுக்கு விறகு வேண்டும். ஐலாவில் காற்று அடிக்கிற அடியில் மரங்கள் குறைவு, நிலக்கரி என்றால் கப்பலில் வர வேண்டும். காலடியில் இலவசமாகக் கிடந்தது பீட்.

பீட் என்பது சதுப்பில் பாசியும் ஹெதர் செடியும் புல்லும் பாதி மட்கியும் மட்காமலும் தண்ணீருக்குள் ஆயிரக்கணக்கான வருடம் அமுங்கிக் கிடந்து உண்டாகும் கறுப்பு மண். வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். அதைச் செங்கல் மாதிரி வெட்டி எடுத்து, காற்றில் உலர்த்தி எரித்தால் தீயைவிடப் புகைதான் அதிகம். ஈரமாக இருக்கிற முளைப் பார்லிக்கு அடியில் இதை மூட்டினால் அந்தப் புகையில் இருக்கிற ஃபீனால் வகைப் பொருள்கள் தானியத்தின் தோலில் ஒட்டிக்கொள்ளும், அரைத்து, ஊறவைத்து, நொதிக்கவிட்டு, இரண்டு முறை காய்ச்சி, பத்து வருடம் பீப்பாயில் போட்டாலும் முழுதாகப் போகாது. ஸ்காட்லாந்தின் உள்நாட்டுப் பகுதிகளுக்கு ரயில் வந்ததும் அங்கே நிலக்கரிக்கு மாறிவிட்டார்கள், தீவுக்காரர்கள் பீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வறுமையின் கைப்பக்குவம் பிற்பாடு விலை உயர்ந்த ருசியாக மாறிய கதைகளில் இதுவும் ஒன்று.

ஐலா எங்கே இருக்கிறது? இந்தப் பெயர்களையெல்லாம் எப்படிச் சொல்வது?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் தீவு. கெனக்ரெய்க் துறையிலிருந்து படகில் இரண்டு மணிநேரம் சொச்சம். எழுத்தைப் பார்த்து ‘இஸ்லே’ என்று படிக்கக்கூடாது, ஐலா. மற்றவை தீவின் ஆலைகள், எல்லாம் ஸ்காட்லாந்தின் பழைய கேலிக் மொழிப் பெயர்கள்: லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக், பொமோர், கல் ஈலா, கில்ஹோமன், ப்ரூக்லாடி, பூனஹாவன். கடைசி இரண்டின் வழக்கமான பாட்டில்களில் பீட் புகை இருக்காது என்பதைக் கவனியுங்கள், ஐலா என்று போட்டிருக்கிறதே என்று வாங்கி வந்து புகையைத் தேடி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும் (நானும் ஒருவன்).

தெற்குக் கரையில் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் அடுத்தடுத்து, நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கின்றன. லஃப்ராய்க்கும் ஆர்ட்பெக்கும் 1815, லாகவூலின் 1816 என்று ஆரம்ப வருடம் சொல்கிறார்கள். பொமோர் இன்னும் பழையது, 1779.

மருந்து வாசனை அடிக்கிறது. கெட்டுப்போன சரக்கா?

நான் முதன்முதலில் கேட்டதும் இதே கேள்விதான். நண்பன் துபாயிலிருந்து வரும்போது ட்யூட்டி ஃப்ரீயில் லஃப்ராய்க் 10 வாங்கி வந்தான் (பெயருக்குப் பின்னால் வரும் எண், பீப்பாயில் கிடந்த வருடம்). மூடியைத் திறந்ததும் ஊர் அரசு ஆஸ்பத்திரியின் கட்டுப்போடும் அறை கண்முன் வந்து நின்றது. டிங்சர், பேண்டேஜ் துணி, அப்போதுதான் ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை. வாயில் வைத்தால் தீபாவளி முடிந்த மறுநாள் தெருவைப் பெருக்கி எரித்த சாம்பல். போலி பாட்டிலாக இருக்குமோ என்று லேபிளைத் தடவித் தடவிப் பார்த்தோம்.

கெடவும் இல்லை, போலியும் இல்லை. பீட் புகையில் ஃபீனால், கிரெசால், குவாயகால் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஃபீனாலின் பழைய பெயர் கார்பாலிக் அமிலம், அந்தக்காலச் சிவப்பு லைஃப்பாய் சோப்பை நினைத்துப் பாருங்கள். கறுப்பு ஃபினாயிலின் வாசனைக்கும் கிரெசால் வகைக்கும் நெருங்கிய சொந்தம். ஆக உங்கள் மூக்கு ஆஸ்பத்திரி என்று சொன்னால் அது உண்மையைத்தான் சொல்கிறது. குவாயகால் வேறு பக்கம்: வறுத்த காப்பிக்கொட்டையிலும் விறகுப் புகையிலும் அது உண்டு. நம் சமையலறையில் இதற்கு ஒரு நெருங்கிய உறவு இருக்கிறது. மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வரும் மாசிக்கருவாடு, சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்தியது. புகையும் கடலும் ஒரே துண்டில். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களும் இலங்கைத் தமிழர்களும் ஐலா விஸ்கியை முகர்ந்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு.

விஸ்கிக்கு எழுதப்படும் சுவைக்குறிப்புகளில் வரும் வாசனைகள் எல்லாம் எழுதியவர்களின் ஊரிலிருந்து வருபவை. ஹெதர் பூ, கப்பல் கயிறு, கடற்கரைத் தீமூட்டம். ஹெதரை நான் முகர்ந்ததே இல்லை. அதைத் தேடிக்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சாம்பிராணி, கருவாடு, சுட்ட கத்தரிக்காய்த் தோல், நனைந்த அடுப்புச்சாம்பல் என்று என் பட்டியலை நானே எழுத ஆரம்பித்த பிறகுதான் ஒரு கிளாஸுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரிந்தது.

பிபிஎம் என்று ஓர் எண் சொல்கிறார்களே?

காய்ந்த மால்ட்டில் ஃபீனால் எவ்வளவு என்ற அளவு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. பொமோர் சுமார் 25, லாகவூலினும் கல் ஈலாவும் 35 பக்கம், லஃப்ராய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. ப்ரூக்லாடி ஆலை ஆக்டோமோர் என்ற பெயரில் ஒரு பந்தயமே நடத்துகிறது, அதில் 8.3 என்ற பதிப்பு 309ஐத் தொட்டது.

இந்த எண்ணைக் கிளாஸுக்குள் தேடாதீர்கள். இது மால்ட்டில் அளந்தது, பாட்டிலுக்கு வருவதற்குள் பெரும்பகுதி போய்விடும், எவ்வளவு போகும் என்பது ஆலைக்கு ஆலை மாறும். காய்ச்சும்போது கனமான புகைப் பொருள்கள் பின்னால்தான் வடியும். எந்த இடத்தில் ‘போதும்’ என்று வெட்டுகிறார்கள் என்பதில்தான் பாதி சூட்சுமம். லாகவூலினும் கல் ஈலாவும் ஏறக்குறைய ஒரே அளவு புகையூட்டிய மால்ட்டை ஒரே இடத்திலிருந்து, போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து, வாங்குகின்றன. ஒன்று கெட்டியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, மெதுவாக வரும். இன்னொன்று எலுமிச்சை வாசத்தோடு துள்ளிக்கொண்டு வரும். காய்ச்சும் பாத்திரத்தின் உருவமும் காய்ச்சும் வேகமும் அந்த அளவுக்கு மாற்றிவிடும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. லாகவூலின் முதலாளி பீட்டர் மேக்கி லஃப்ராய்க்கின் விற்பனை உரிமையை இழந்த கடுப்பில், 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று ஒரு குட்டி ஆலை கட்டி, லஃப்ராய்க் பாத்திரங்களின் அச்சிலேயே பாத்திரம் செய்து, அதே ருசியை எடுத்துவிடப் பார்த்தார். வரவில்லை.

உப்பு, கடல் காற்று, அயோடின் எல்லாம் உண்மையா, விளம்பரமா?

இரண்டும் கலந்தது, ஆனால் நான் விளம்பரம் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். உப்பு ஆவியாகாது. கடலையே கொண்டுவந்து கொப்பரையில் ஊற்றினாலும் உப்பு அடியில் தங்கிவிடும், வடிந்து வருவதில் இருக்காது. அப்படியானால் பீப்பாய் வழியாகக் கடல் காற்று உள்ளே போகிறது என்பார்கள். பொமோரில் லாக் இண்டால் விரிகுடாவின் கரையை ஒட்டிக் கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு பழைய கிடங்கு இருக்கிறது, அங்கே போய் நின்றால் யாருக்கும் அந்தக் கதையை நம்பத் தோன்றும். ஆனால் கல் ஈலாவை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுக்கும் பக்கத்து ஜூராவுக்கும் நடுவிலிருக்கும் கடல்வழியின் பெயர்தான் அந்தப் பெயரே. அங்கே வடிக்கும் சரக்கை டேங்கரில் ஏற்றி ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய்த்தான் பீப்பாயில் போடுகிறார்கள். அப்படியிருந்தும் கல் ஈலாவைக் குடித்துவிட்டுக் கடல் வாசம் அடிக்கிறது என்று சொல்லாத ஆள் கிடையாது.

அயோடின் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் அந்த ஃபீனால் குடும்பத்தைத்தான். புகையும் மருந்து நெடியும் துளி இனிப்பும் சேர்ந்து வந்தால் மூக்கு அதைத் துறைமுகம் என்று மொழிபெயர்க்கிறது. லேபிளில் அலை வரைந்திருந்தால் இன்னும் சுலபம். அதற்காக அந்த உணர்வு பொய் என்று நான் சொல்லவில்லை, லாகவூலினை விழுங்கிய பிறகு உதட்டை நக்கினால் எனக்கும் உப்புக் கரிக்கத்தான் செய்கிறது. காரணம் கடல் என்று மட்டும் சத்தியம் செய்யமாட்டேன்.

எப்படிக் குடிப்பது? ராவாகவா?

வாய் குறுகிய கிளாஸ் ஒன்று வேண்டும். கிளென்கெய்ர்ன் என்று துலிப் பூ உருவத்தில் விற்கிறார்கள், இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். அகலவாய்க் கிளாஸில் வாசனை முழுக்க அறைக்குப் போய்விடும். முப்பது மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள்.

அப்புறம் மூக்கு. கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சினால் ஆல்கஹால் அறைந்துவிடும், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. மோவாய் அருகில் பிடித்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, பூவை முகர்வது போல முகருங்கள். முதலில் புகை மட்டும்தான் வரும். காத்திருந்தால் அது பழகிப் பின்னால் போகும், மூக்கு ஒரே வாசனையில் சலித்துவிடுகிற சங்கதிதான், அதற்கு அடியில் இருப்பது அப்போது மேலே வரும். லஃப்ராய்க்கில் வெனிலா, லாகவூலினில் காய்ந்த அத்திப்பழமும் கடுந்தேநீரும், ஆர்ட்பெக்கில் எலுமிச்சைத் தோலும் தார் ரோடும்.

முதல் வாயை நம்பாதீர்கள், அது நாக்கை எழுப்பத்தான். இரண்டாவது மிடறைச் சின்னதாக எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அங்கேதான் எல்லாமே இருக்கிறது. முதலில் மால்ட்டின் இனிப்பு, பின்னாலேயே புகை, அதற்கும் பின்னால் சாம்பல், அது ஐந்து நிமிடம்கூட நிற்கும். ஒரே மடக்கில் அடிப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது, அவர்கள் இவ்வளவு விலை கொடுக்கத் தேவையே இல்லை.

தண்ணீர் ஊற்றினால் கேவலமா?

யார் சொன்னது? கலவை செய்யும் வல்லுநர்களே தண்ணீர் விட்டுத்தான் முகர்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017இல் கணினியில் இதை உருவகப்படுத்திப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதம்வரை இருந்தால் குவாயகால் மேல்பரப்புக்கு, அதாவது மூக்குக்குப் பக்கத்தில், வந்து நிற்கிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் ஆல்கஹால் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. அதனால் நீர்க்காமல் பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே வரும் 57, 58 சதவீத பாட்டில்களுக்குத் தண்ணீர் விடாமல் குடிப்பது வீண் வீரம். 40, 43 என்று ஏற்கெனவே நீர்த்து வருபவற்றுக்குச் சில துளிகளுக்கு மேல் வேண்டாம். ஸ்பூனால் விடுங்கள், பாட்டிலைக் கவிழ்க்காதீர்கள்.

ஐஸ் வாசனையை அடக்கிவிடும். சோடா வேறு கதை: நம் ஊர் வெயிலில் கல் ஈலாவுக்கோ ஸ்கை தீவின் டாலிஸ்கருக்கோ குளிர்ந்த சோடாவும் எலுமிச்சைத் தோலும் அருமையாகச் சேரும். கோலா மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

முதலில் எந்த பாட்டில்?

நேராக லஃப்ராய்க்கில் குதிக்காதீர்கள். பொமோர் 12இல் புகை பழத்தோடு கைகோத்து வரும். டாலிஸ்கர் 10 ஐலாவைச் சேர்ந்தது இல்லை, ஸ்கை தீவுக்காரர், ஆல்கஹால் 45.8 சதவீதம், விழுங்கும்போது தொண்டையில் மிளகு வெடிக்கும், நம் நாக்குக்கு அது சொந்தக்காரர் மாதிரி. பிறகு கல் ஈலா 12, பிறகு லாகவூலின் 16. ஆர்ட்பெக் 10 எல்லாவற்றுக்கும் கடைசியில், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்றாலும். முடிந்தால் பாட்டில் வாங்குமுன் ஏதாவது பாரில் ஒரு சின்ன பெக் வாங்கிப் பாருங்கள், விலை கொடுத்து வாங்கிவிட்டு அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை.

வயது கூடினால் புகையும் கூடுமா? நிறம் கறுத்தால் நல்லதா?

வயது ஏற ஏறப் புகை தணியும், மரம் முன்னால் வரும். முரட்டுப் புகை வேண்டுமென்றால் இளசு வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆர்ட்பெக் 10 வைக்கோல் நிறத்தில் வெளிறிப்போய் இருக்கும், பார்த்து ஏமாறாதீர்கள்.

சைடு டிஷ்?

ஐலாவில் சிப்பிமேல் விஸ்கியை ஊற்றிச் சாப்பிடுவார்கள். நீலப் பூஞ்சை படிந்த பாலாடைக்கட்டியும் நன்றாகச் சேரும், கசப்புச் சாக்லேட்டும்தான். வீட்டில் நான் வைத்துக்கொள்வது உப்பு வேர்க்கடலை. காரமான எதுவும் கூடாது, மிளகாய்க்குப் பிறகு நாக்குக்கு விஸ்கி வெறும் எரிச்சல்தான். சிக்கன் 65ஐ விஸ்கி முடிந்தபிறகு சாப்பிடுங்கள்.

இந்தியாவில் இப்படி யாராவது செய்கிறார்களா?

பெங்களூரின் அம்ருத் ஆலை செய்கிறது. அவர்களுடைய ஃப்யூஷன் என்ற மால்ட்டில் இந்தியப் பார்லியோடு ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்த பீட் பார்லியும் சேர்கிறது, ஆல்கஹால் 50 சதவீதம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 2 சதவீதம் ஆவியாகப் போனால் பெங்களூர் வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல் போய்விடும், அதனால் இங்கே பீப்பாயில் பதினாறு வருடம் என்பதெல்லாம் நடக்காத காரியம், நான்கைந்து வருடத்திலேயே முதிர்ந்துவிடும்.

திறந்த பாட்டில் கெட்டுப்போகுமா?

கெடாது, ஆனால் பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் புகை மெல்ல மெல்ல மங்கும். நிமிர்த்தி வையுங்கள், வெயில் படாமல் வையுங்கள். படுக்க வைத்தால் தக்கையை ஆல்கஹால் அரித்துவிடும்.

காலி கிளாஸை மறுநாள் முகர்ந்து பார்க்கச் சொல்கிறார்களே, அது என்ன பைத்தியக்காரத்தனம்?

கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் செய்து பாருங்கள். ஆல்கஹால் இரவோடு இரவாகப் பறந்துவிடும், கனமான புகைப் பொருள்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். ஆல்கஹாலின் காரம் குறுக்கே இல்லாமல் பீட் மட்டும் தனியாக வருவது அப்போதுதான். நான் ஒருமுறை ஆர்ட்பெக் ஊற்றிய கிளாஸைக் கழுவாமல் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டேன். காலையில் காப்பி கொண்டுவந்த மனைவி அறை வாசலிலேயே நின்று, ராத்திரி இங்கே யார் பீடி பிடித்தது என்று கேட்டாள்.